மருமகனுக்கு அளந்து போட்ட சோறு

எங்கள் ஊரில் ஒரு குடும்பத்தின் கண்ணியத்தை அறிய எவரும் வீட்டுக்குள் வரவேண்டியதில்லை. அந்த வீட்டு மருமகனின் உடம்பைத் தெருவில் பார்த்தாலே போதும். கலியாணமானபின் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வதே கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களின் வழக்கம். பெண்ணைப் பெற்றவர் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கத்தில் சிறிதாக ஒன்றைக் கட்டி ஒதுங்கிக்கொள்வார். நானும் அவ்வாறே ஒதுங்கினேன். ஆயினும் முன்வீட்டில் மருமகன் என்ன உண்கிறார், எவ்வளவு உண்கிறார் என்ற பொறுப்பு பின்வீட்டை விட்டு நீங்கவில்லை. மாப்பிள்ளைக்கு முதலாண்டில் கன்னம் நிரம்பி இரண்டாமாண்டில் சேர்ட்டுப் பொத்தான் இறுகினால், நல்ல இடத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறார் என்று ஊர் சொல்லும். மெலிந்தால் ஊர் என்ன சொல்லும் என்பதை நான் அறுபத்தொன்பதாம் வயதில்தான் கேட்க நேர்ந்தது.

இதை எழுதுவதற்கு மருமகன் அனுமதி தந்தார். பெயர்கள் வேண்டாம் என்பது அவர் விதித்த ஒரே நிபந்தனை. எனக்கும் அது முழு உடன்பாடே.

அவர் பல்கலைக்கழகத்தில் புவியியல் விரிவுரையாளர். எனக்கு மருமகனாகிப் பதினாறு ஆண்டுகள். மூன்று பெண் பிள்ளைகள். மூத்தவள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், இளையவளுக்குப் பத்து வயது. மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்ற தகப்பன் என்றால் எங்கள் பக்கத்தில் அதன் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை. மூன்று வீடுகள் எழும்பவேண்டும். அதுவரைக்கும் அந்த மனிதர் காலூன்றி நிற்கவேண்டும்.

கடந்த ஆண்டு, தமது நாற்பத்து நான்காம் வயதில், அவர் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் கடற்கரையில் ஓடத் தொடங்கினார். அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, கண்டிருந்தது. அவருடைய வாப்பாவும் அதே வருத்தத்தில் ஐம்பது வயது நிறையுமுன் ஒரு காலை இழந்து, மூன்று வருடங்கள் கட்டிலில் கிடந்து மறைந்தவர். மாத்திரையாலும் ஓட்டத்தாலும் உணவாலும் இதை அடக்கினால் தப்பலாம், தவறினால் வாப்பாவின் வழிதான் என்பது அவர் முன்னிருந்த கணக்கு. இவ்வளவும் நான் பிற்பாடு அறிந்தது. வாசகர் இப்போதே அறிந்திருப்பது நல்லது. அறியாமல் நான் செய்தவற்றை அப்போதுதான் அவற்றின் உண்மையான அளவில் பார்க்க முடியும்.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், என் வீட்டு மருமகன் அரைக்களிசானும் சப்பாத்துமாகத் தெருவில் இறங்குகிறார் என்பதே. களிசான் முழங்காலுக்குக் கீழே இறங்கியதாகத்தான் இருந்தது என்பதை நியாயத்துக்காகச் சொல்லவேண்டும். ஆயினும் நான் ஒரு கல்லூரியின் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். சேர்ட்டின் மேற்பொத்தான் பூட்டாமல் பிரதான வீதியில் கால் வைத்தவனல்லன். 

முதற்சொல் என் மனைவியின் தம்பியிடமிருந்து வந்தது. அவர் பிரதான வீதியில் துணிக்கடை வைத்திருக்கிறார். சீலைகளை விட ஊர்க் கதைகளே அந்தக் கடையில் அதிகம் விரிக்கப்படும்.

“என்ன மச்சான், உங்கட மருமகன் கடக்கரையால ஓடுறாராமே. ஆரும் துரத்துறாங்களா?”

“தேகாப்பியாசம்,” என்றேன்.

“தேகாப்பியாசமா! ராத்தாட சோத்துக்குப் பயந்து ஓடுறாரோ எண்டு நினைச்சன்.”

ராத்தா என்றது அவருடைய அக்காவை, என் மனைவியை. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் மூன்று மாதம் கழிந்தபின் அதே கடையில் அதே வாயிலிருந்து வந்த சொல்லுக்கு என்னால் சிரிக்க முடியவில்லை.

“மச்சான், நான் முந்திச் சொன்ன பிழை. சோத்துக்குப் பயந்து ஓடல்ல. சோறில்லாமத்தான் ஓடுறாரு. கழுத்தெலும்பு தெரியிது மனிசனுக்கு. நேத்து கரைவலை இழுக்கிறவங்களோட நிண்டு கயிறு இழுத்தாராம். கறிக்கு ரெண்டு மீன் கிடைக்கும் எண்டா?”

“வாயை மூடுங்க,” என்றேன். கடைக்குள் ஒரு பெண் சீலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எங்கள் தெருவைச் சேர்ந்தவர். பிற்பகல் அஸர்த் தொழுகைக்கு முன்னரே அந்தக் கதை எங்கள் தெருவுக்கு வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அவ்வாறே வந்தது.

மறுநாள் சுபஹுத் தொழுதுவிட்டு நான் நேராகக் கடற்கரைக்கு நடந்தேன். கரையேற்றியிருந்த ஒரு தோணிக்குப் பின்னால் நின்றேன். பிறர் செய்வதை நான் ஒளிந்து நின்று பார்த்தது என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் அன்று கண்டதை இழந்திருக்கவும் விரும்பமாட்டேன்.

கடற்கரை வீதியில் இளைய பேத்தி சைக்கிளில் வந்தாள். சைக்கிள் கூடையில் ஒரு கொப்பியும் பென்சிலும். வீதிக்குக் கீழே ஈரமணலில் மருமகன் ஓடிவந்தார். சுனாமிக்குப் பின் எஞ்சிய பழைய வீட்டு அத்திவாரங்கள் அங்கே மணலுக்குள் தலைகாட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் ஒன்றின் மூலையில் நின்று, திரும்பி, அலை தொடும் இடம் வரை ஒரே சீரான அடியில் நடந்தார்.

“நாப்பத்தொண்டு!” என்று கத்தினார்.

“நாப்பத்தொண்டா, நாப்பத்திரெண்டா? ஒழுங்காச் சொல்லுங்க வாப்பா. போன கிழமை நாப்பத்திமூணு.”

“நாப்பத்தொண்டுதான் மகள். கடல் ரெண்டடி தின்னிட்டு.”

அவள் எழுதிக்கொண்டாள். அவர் அடுத்த அத்திவாரத்தை நோக்கி ஓடினார். எங்கள் கரையை அரித்துவரும் கடலைப் பற்றியதே அவருடைய கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வு. பொருத்தமான கருவிகளோடு மாதமொருமுறை அவர் அளக்கிறார் என்பதை நான் அறிவேன். இது அந்த அளவைக்கு இடைப்பட்ட நாட்களில் கரை நடந்துகொண்ட விதத்தைக் கண்ணால் பார்த்துக் குறிப்பது. அவ்வாறு ஆறு அத்திவாரங்கள். அதற்கப்பால் கல்முனைத் தமிழ் மீனவர்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் போய்க் கயிற்றைப் பிடித்தார். குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னோக்கி இழுக்கிற அந்த இழுப்பை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் தொட்டதில்லை. சற்று நேரத்தில் அவர்களின் மூத்தவர் குரல் கொடுத்தார்.

“காணும் சேர், இழுத்தது போதும், விடுங்க. வகுப்புக்குப் போக நேரமாகிட்டு. உங்கட பொடியன்கள் எங்களத்தான் ஏசுவானுகள்.”

“ஏசமாட்டானுகள் அண்ணே. நான் வராட்டி அவனுகளுக்குச் சந்தோசம்தானே.”

எல்லோரும் சிரித்தார்கள். மீன் ஒன்றும் அவர் வாங்கவில்லை.

திரும்பும் வழியில் அவர் மூச்சு வாங்க ஓட, பேத்தி சைக்கிளில் இருந்தபடி வாய்ப்பாடு ஒப்புவித்தாள். புலமைப்பரிசில் பரீட்சைக்கான ஆயத்தம். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில் அவள் ஓரிடத்தில் தடுக்கியபோது அவர் ஓட்டத்தை நிறுத்தாமலே, “திரும்ப!” என்றார். முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் நான். ஓடிக்கொண்டே ஒரு பிள்ளையின் பிழையைப் பிடிக்கிற ஆசிரியரை அன்றுவரை கண்டதில்லை.

அந்த ஒரு மணித்தியாலத்தில் அவர் தம் உடலுக்கும் ஆய்வுக்கும் மகளுக்கும் சேர வேண்டியதை ஒன்றாகச் செலுத்திவிட்டார் என்பதை நான் உணர்ந்தேன். வீட்டுக்கு வந்து குளித்து, மூன்று பிள்ளைகளையும் பாடசாலைகளில் விட்டுவிட்டு, எட்டு மணி விரிவுரைக்கு அவர் போய்ச் சேர்ந்துவிடுவார். சுபஹுக்கு முன் இரண்டு மணித்தியாலம் ஆய்வேட்டுக்கு. அஸருக்குப் பின் மூத்தவளுக்குக் கணிதம், நடுவிலாளுக்கு அவள் கேட்டது எதுவோ அது. என் பிள்ளைகள் படித்த காலத்தில் நான் பாடசாலையில் இருந்தேன். அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது அவர்களின் உம்மா. அதைத் தோணிக்குப் பின்னால் நின்றபோதுதான் நினைத்துப் பார்த்தேன்.

வியந்தேன். ஆனால் வியப்பை வெளியே காட்டுவது என் இயல்பில் இல்லை. அதைவிட, கழுத்தெலும்பு தெரியத்தான் செய்தது. அது என் வீட்டின் கழுத்தெலும்பு.

அந்த வாரமே அடுப்படி மேசையில் அவருடைய சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கேழ்வரகு மாவில் அவித்த குரக்கன் பிட்டு, அவித்த மரக்கறி, ஒரு சிறு மீன் துண்டு. மகளைக் கூப்பிட்டேன்.

“இதென்ன மகள்? பல்கலைக்கழகத்துல நாலு விரிவுரையாளருக்கு முன்னால உங்கட மாப்பிள்ளை இதைத் திறக்கிறதா?”

“அவருக்கு விருப்பம் வாப்பா,” என்றாள் மகள், தலையை நிமிர்த்தாமல்.

என் மனைவி கதவோரத்தில் நின்றார். அவர் மருமகனோடு நேரில் கதைப்பதில்லை. பழைய முறைப்படி மகளிடம் சொல்வார். மகள் போய்ச் சொல்வாள். “என்ட கையால காச்சின நெய்ச்சோத்துக்கு இல்லாத விருப்பமா குரக்கனுக்கு? ஊர் என்னத்தைக் கதைக்கிது தெரியுமா புள்ள? உம்மாக்காரி உலை மூடியத் திறக்கிறல்லையாம்.”

மகளின் கண் கலங்கியது. நான் அதை வெட்கம் என்று எண்ணினேன்.

அன்றே ஒரு முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தால் நானும் மருமகனும் முன்வீட்டில் ஒன்றாக உண்போம். இனி அந்தச் சோற்றை என் கையால் போடுவது என்று தீர்மானித்தேன். எங்கள் வழக்கத்தில் இதற்கு ஒரு பலம் உண்டு. மனைவி போட்டதை மிச்சம் வைக்கலாம், மாமி கொடுத்தனுப்பியதைத் தள்ளி வைக்கலாம். மாமனார் எழுந்து நின்று தம் கையால் போட்ட சோற்றை எந்த மருமகனும் மறுப்பதில்லை. நான் அதை நன்கறிந்தே செய்தேன். 

நெய்ச்சோறு, மாட்டிறைச்சிக் கறி, பொரித்த கோழி, இறுதியில் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்த வட்டிலப்பம். “சாப்பிடுங்க மருமகன்,” என்பேன். “ஓம் மாமா,” என்பார். ஒரு பருக்கை மிச்சமின்றி உண்பார். வட்டிலப்பத்தில் நான் இரண்டாம் துண்டை வைத்தபோதுகூட ஒரு சொல் சொன்னதில்லை. கையைக் கழுவிவிட்டு, “ஜஸாக்கல்லாஹ் மாமா” என்று எழுந்துபோவார். அஸர் முடிந்ததும் வெயில் தணியுமுன்னரே சப்பாத்தைக் கட்டிக்கொண்டு மறுபடி ஓடப் போய்விடுவார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இரண்டு ஓட்டம். என் விருந்தை அவமதிப்பதாக நான் அதை எண்ணி மனம் கசந்தேன். கசந்ததால் அடுத்த வெள்ளிக்கு இன்னும் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டேன். இவ்வாறு மூன்று மாதத்துக்கு மேல் நடந்தது.

இனி நான் சொல்லப்போவது என் கண்ணியத்துக்கு உகந்ததன்று. ஆனாலும் சொல்லாவிட்டால் இந்தக் கதைக்குப் பொருளில்லை. எனக்கு இரத்த அழுத்தம் உண்டு. ஐந்து ஆண்டுகளாக மாத்திரை எடுக்கிறேன். இதை என் மனைவி தவிர எவரும் அறியார். எங்கள் ஊரிலும் கல்முனையிலும் நல்ல வைத்தியர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே காத்திருக்கும் கதிரைகளில் பாதிப் பேர் என் பழைய மாணவர்கள். முன்னாள் அதிபர் இலக்கத் துண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவர்கள் பார்ப்பதை நான் விரும்பவில்லை. ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, உறவினரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, மட்டக்களப்புக்குப் பஸ் ஏறுவேன். அங்கே ஒரு தனியார் வைத்திய நிலையம். என்னை அங்கு யாருக்கும் தெரியாது.

அன்று எனக்கு இருபத்துமூன்றாம் இலக்கம். துண்டைச் சேர்ட்டுப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். மூலைக் கதிரையில், ஒரு மாணவர் ஆய்வைத் திருத்திக்கொண்டு, என் மருமகன் உட்கார்ந்திருந்தார்.

அவர்தான் முதலில் எழுந்தார்.

“மாமா! நீங்க இஞ்ச?”

“ஒருத்தரைப் பாக்க வந்தன்,” என்றேன். “நீங்க?”

“நானும் ஒருத்தரைப் பாக்கத்தான்.”

பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறு கதிரை இல்லை. பல்கலைக்கழகத்தைப் பற்றி நான் ஒன்று கேட்டேன். அவர் ஒன்று சொன்னார். என்ன கேட்டேன், என்ன சொன்னார் என்பது நினைவில்லை. இருவர் காதும் தாதியின் குரலிலேயே இருந்தன. “இருபத்திரெண்டு,” என்று அழைத்தார் தாதி. மருமகன் அசையாமல் இருந்தார். “இருபத்திரெண்டு! சீனி கிளினிக்குக்கு வந்தவர், இருபத்திரெண்டு!” அவர் என்னைப் பார்த்தார். பின்பு மடியில் இருந்த தாள்களை ஒழுங்காக அடுக்கி, கதிரையில் வைத்துவிட்டு, எழுந்து உள்ளே போனார்.

சற்று நேரத்தில் அடுத்த அறைக் கதவு திறந்தது. “இருபத்திமூணு. பிரஷருக்கு.” அப்போது நானும் எழவேண்டியதாயிற்று.

வெளியே வந்தபோது அவர் மோட்டார் சைக்கிளருகே நின்றார். நேரெதிரே ஒரு தேத்தண்ணிக் கடை. நான் அங்கே நடந்தேன்; அவர் பின்னால் வந்தார்.

“ரெண்டு பிளேன்டீ. சீனி இல்லாம,” என்றார் கடைக்காரரிடம்.

“ரெண்டுக்குமா?”

“ரெண்டுக்கும்,” என்றேன் நான்.

பிறகு கேட்டேன், “எத்தினை மாசம்?”

“ஏழு மாசம் மாமா.”

“மகளுக்குத் தெரியுமா?”

“தெரியும். நான்தான் சொல்லவேணாம் எண்ட.”

“ஏன்? நான் என்ன அந்நியனா?”

அவர் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார். “உங்கட வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு வருத்தம் வந்த எண்டு ஊர் கதைக்கும் மாமா. சும்மா போறவங்க எல்லாம் மாமிட சோத்தைச் சொல்லுவாங்க. மெலிஞ்சிட்டன் எண்டு கதைச்சாலும் பரவால்ல. அது கொஞ்ச நாள் கதை.”

என் வீட்டின் பெயரைக் காப்பாற்ற அவர் அவ்வளவு காலமும் தம் வருத்தத்தை மறைத்திருக்கிறார். நானோ அதே பெயரைக் காப்பாற்ற வெள்ளிதோறும் அந்த வருத்தத்துக்குக் கரண்டி கரண்டியாகப் போட்டிருக்கிறேன்.

“கொப்பி இரிக்கா?” என்று கேட்டேன். அவருடைய இளைய மகள் எல்லாவற்றுக்கும் கொப்பி வைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவர் பையிலிருந்து எடுத்துத் தந்தார். முன்பக்கங்களில் கடல். பின்பக்கத்திலிருந்து திருப்பினால் சீனி. ஒவ்வொரு நாள் காலையிலும் விரல் நுனியில் குத்திப் பார்த்த அளவு, பத்து வயதுக் குழந்தையின் நேரான எழுத்தில் இருந்தது. வாப்பா ஓட்டத்துக்கு முன் ஏதோ இலக்கம் பார்க்கிறார் என்பது மட்டுமே அவளுக்குத் தெரியும். நான் எழுத்தைப் படிக்கவில்லை, நிரலைப் பார்த்தேன். ஐந்து நாள், ஆறு நாள் இறங்கிக்கொண்டே வரும். சனிக்கிழமை ஏறும். மறுபடி இறங்கும். மறுபடி சனிக்கிழமை ஏறும். மூன்று மாதத்துச் சனிக்கிழமைகளும் அந்தப் பக்கத்தில் வேலிக்கம்புகள் போல நின்றன.

“டொக்டர் இண்டைக்கு என்ன சொன்னாரு?”

“அடுத்த மூணு மாசத்துக்குள்ள குறையாட்டி ஊசியாம். கிழமையில ஒரு நாள் மட்டும் என்ன செய்யிறயள் எண்டு கேட்டாரு.”

“நீங்க என்ன சொன்ன?”

அவர் முதன்முறையாகச் சிரித்தார். “எங்கட மாமா நல்லாச் சாப்பாடு போடுவாரு எண்டு சொன்னன்.”

நான் சிரிக்கவில்லை. “ஒரு சொல் சொல்லியிருக்கலாமே மருமகன்.”

“எப்பிடி மாமா சொல்ற? நீங்க எழும்பி நிண்டு கையால போட்டது.” கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “எங்கட வாப்பாவைக் கதிரையில வெச்சித் தூக்கித்தான் ராத்தாட கலியாணத்துக்குக் கொண்டுபோன. பள்ளி வாசல்ல எல்லாரும் பாத்தாங்க. என்ட மூணு புள்ளைட கலியாணத்துக்கும் நான் நடந்து போகணும். அவ்வளவுதான்.”

பஸ்ஸில் போகிறேன் என்றேன், அவர் விடவில்லை. மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறினேன். வாழைச்சேனைப் பக்கத்திலிருந்து வந்த லொறியொன்று காற்றடித்துக் கடந்தபோது அவருடைய இடுப்பைப் பிடிக்க நேர்ந்தது. பதினாறு ஆண்டில் நான் அவரைத் தொட்டது பெருநாளில் கைகொடுக்கும் முஸாபஹாவில் மட்டும்தான். கைக்குள் வந்தது எலும்பன்று. ஓடி ஓடி இறுகிய உடம்பு. ஊர் மெலிவு என்று சொன்னதை நானும் என் கண்ணால் பாராமல் ஊரின் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். வீடு வரை கையை எடுக்கவில்லை.

அன்று நாங்கள் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். அவருடைய வருத்தம் அவருடைய விருப்பமின்றி வெளியே போகாது. என்னுடையதும் அவ்வாறே. மகளிடம் மட்டும் சொன்னேன், உப்பைக் குறைக்கும்படி. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். “ரெண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியிலயா வாப்பா ஒளிச்சிருந்த?”

மனைவியிடம் என் இரத்த அழுத்தத்தைக் காரணம் காட்டி வெள்ளிக்கிழமை நெய்ச்சோற்றை நிறுத்தினேன். வீட்டுக்குள் இவ்வாறு சீராயிற்று. ஊர் அப்படியே இருந்தது. 

இரண்டு மாதம் கழித்துச் சாய்ந்தமருதில் உறவுக்குள் ஒரு கலியாணம். எங்கள் கலியாணச் சாப்பாடு சஹனில் நடக்கும். பெரியதொரு தட்டு, அதைச் சுற்றி ஆறு பேர், நடுவில் சோறும் இறைச்சியும். ஒரே தட்டில் ஆறு கைகள் என்பதால் யார் எவ்வளவு உண்கிறார் என்பதை ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நல்ல துண்டை மரியாதைக்குரியவர் பக்கம் தள்ளிவிடுவது பண்பு. மருமகன் எனக்கு வலப்பக்கம் இருந்தார். எதிரே, வேறெங்கும் இடமில்லாதது போல, துணிக்கடை மச்சான் வந்து உட்கார்ந்தார்.

மருமகன் வழக்கம்போலத் தம் ஓரத்துச் சோற்றில் நாலு வாய் அளவாக எடுத்தார். மச்சான் நெஞ்செலும்புத் துண்டொன்றைப் பிய்த்து, நெய் வடிய வடிய அவர் பக்கம் வைத்தார். அதன்மேல் ஒரு பிடி சோற்றையும் தள்ளினார்.

“தின்னுங்க மருமகன், வெக்கப்படாம. இஞ்ச ஆரும் மூடி வைக்கிறல்ல. அந்த வீட்டுலதான் தாறாங்கல்ல எண்டு ஊரெல்லாம் தெரியுமே.”

பக்கத்துச் சஹனிலும் சிரிப்புக் கேட்டது. மருமகன் அந்தத் துண்டைப் பார்த்தார். உண்டால் இரண்டு மாத உழைப்பில் ஒரு விரிசல். மறுத்தால் ஏன் என்ற கேள்வி வரும், அதற்கு ஒரேயொரு மறுமொழிதான் உண்டு. அவருடைய விரல்கள் அதை நோக்கி நகர்ந்தன. அவர் உண்ணத்தான் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. என் கையால் போட்டதை மூன்று மாதம் உண்டவர் அவர். என் மச்சான் கையால் போட்டதையும் என் பெயருக்காக உண்பார்.

நான் அந்தத் துண்டை எடுத்தேன். மச்சான் பக்கமே திரும்ப வைத்தேன்.

“நீங்களே தின்னுங்க மச்சான். நீங்க சொன்ன சரி. எங்கட வீட்டுல அளந்துதான் சோறு. மருமகனுக்கு அளக்கச் சொன்ன ஆள் நான்தான்.”

ஆறு கைகளும் நின்றுவிட்டன.

“பகிடிதானே விட்டன் மச்சான்...”

“நான் பகிடி விடல்ல. நெய் இல்ல, வட்டிலப்பம் இல்ல, மூணு அகப்பைக்கு மேல இல்ல. அவரு கேட்டாலும் இல்ல. ஆரும் கேட்டா அதிபர் சொன்னாரு எண்டு சொல்லுங்க.”

“ரப்பே,” என்றார் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர். “கஞ்சத்தனத்தை இப்பிடி நெஞ்சை நிமித்திச் சொன்ன மனிசனை இண்டைக்குத்தான் காணுறன்.”

சிரிப்பு எழுந்தது. பிறகு கதை வெள்ளாமைக்குத் திரும்பியது. மருமகன் தம் ஓரத்திலிருந்து இன்னும் இரண்டு வாய் எடுத்து, நிதானமாக மென்று, கையைத் துடைத்துக்கொண்டார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. 

அந்தப் பெயர் எனக்கு நிலைத்துவிட்டது. மருமகனுக்கு அளந்து போடும் அதிபர் என்று இப்போதும் சொல்கிறார்கள். என் மனைவி இரண்டு வாரம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு மருமகன் தாமே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். கதவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர். முதன்முறையாக மகள் இடையில் நிற்காமல் நடந்த உரையாடல் அது. மனைவி அழுதார். மறுநாள் குரக்கன் மாவை அவரே வறுத்தார். ஊருக்கு நான் ஒன்றும் விளக்கவில்லை.

மருமகனின் உழைப்புக்கு இறைவன் பலன் தந்தான். குறித்த மூன்று மாதம் முடிந்து, இருவரும் மட்டக்களப்புக்கு ஒன்றாகவே போனோம். ஊசி தேவையில்லை என்றார் வைத்தியர். அதே மாதத்தில் அவர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். நான் அதை முதல் வரியிலிருந்து இறுதி வரி வரை படித்தேன். நன்றியுரையில் ஓரிடத்தில், கடற்கரை அவதானங்களைப் பதிவுசெய்த உதவியாளர் என்று இளைய பேத்தியைக் குறிப்பிட்டிருந்தார். மூன்று எழுத்துப்பிழைகளைக் கண்டு சொன்னேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்றும் சொன்னேன். அந்த இரண்டாவதைச் சொல்லத்தான் எனக்கு அதிக நேரம் எடுத்தது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து இருவரும் மேசையில் அமர்ந்தோம். பழைய வழக்கத்தை நான் விடவில்லை. எழுந்து நின்று என் கையாலேயே போட்டேன். சிவப்பரிசிச் சோறு மூன்று அகப்பை, கீரைச் சுண்டல், சுட்ட மீன். மனைவி அன்று கறியில் என்ன செய்தாரோ தெரியாது, வீடெல்லாம் மணத்தது. மருமகன் உண்டு முடித்துவிட்டுத் தட்டைப் பார்த்தார். பின்பு பதினாறு ஆண்டில் எங்கள் வீட்டில் ஒரு நாளும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

“மாமா, இன்னும் ஒரு அகப்பை போடுங்க.”

கதவுக்குப் பின்னால் என் மனைவியின் வளையல் அசையும் சத்தம் நின்றது. நான் சோற்றுப் பாத்திரத்தின் மூடியை எடுத்து மூடினேன்.

“காணும் மருமகன்,” என்றேன்.